தறிக்கு மூளை தந்த ஜக்கார்ட்



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவில் நடந்தாலே வீடுகளுக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் கேட்கும். பட்டுச்சேலை நெய்யும் குழித்தறியின் சத்தம் அது. அனுமதி கேட்டு உள்ளே போய்ப் பாருங்கள். நெசவாளர் குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு பெட்டி தெரியும். அதன் பக்கத்தில் துளை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். அவர் காலால் மிதிக்க மிதிக்க அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கீழே சேலைக் கரையில் அன்னமும் மாங்காயும் ருத்ராட்சமும் வரிசையாகப் பூத்து வரும்!

அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்று கேட்டால், ஜக்கார்டு என்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கையில் கட்டியிருக்கும் டிஜிட்டல் கடிகாரம், வீட்டில் டி.வி. ரிமோட், காய்ச்சல் வந்தால் அம்மா எடுக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், இவை எல்லாவற்றுக்குள்ளும் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு மூளை இருக்கிறது. அதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். அந்தச் சின்ன மூளைக்கும் காஞ்சித் தறியின் அட்டை மாலைக்கும் உறவு உண்டு. எப்படி? அதைத் தெரிந்துகொள்ள, 250 ஆண்டுகளுக்கும் முன்னால், பிரான்ஸ் நாட்டிலுள்ள லியோன் நகரத்துக்குப் போகவேண்டும். புறப்படலாமா?

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, அப்படித்தான் பிரான்சுக்கு லியோன். பட்டுக்குப் பெயர் போன ஊர். அங்கே 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி ஜோசப் மேரி பிறந்தார். அவர் குடும்பத்தின் உண்மையான பெயர் சார்ல்ஸ். ஜக்கார்ட் என்பது அந்தக் குடும்பத்தின் ஒரு கிளைக்கு வழங்கிய பட்டப்பெயர். கடைசியில் அந்தப் பட்டப்பெயர்தான் உலகம் முழுவதும் நிலைத்தது.

அப்பா பட்டு நெசவாளர். அம்மாவும் தறி வேலைதான். சித்திரத்தைப் பார்த்து, எந்த இழை மேலே வரவேண்டும், எது கீழே இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் தொழில். வீட்டில் ஒன்பது குழந்தைகள். ஆனால் வளர்ந்து ஆளானவர்கள் ஜோசப்பும் ஓர் அக்காள் தங்கையும் ஆக இருவரே. அம்மாவும் ஜோசப்புக்குப் பத்து வயதானபோது இறந்துவிட்டார்.

ஜோசப் பள்ளிக்கூடமே போனதில்லை. பதின்மூன்று வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது! சகோதரியின் கணவர் அச்சகமும் புத்தகக் கடையும் வைத்திருந்தார். அவர்தான் பிள்ளையை அருகில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தாமதமாகக் கற்றாலும் கற்றது வீண்போகாது என்பதற்கு இவர் வாழ்க்கையே சாட்சி.

கயிறு இழுத்த சிறுவர்கள்

அந்தக் காலத்தில் பூ வேலைப்பாடு உள்ள பட்டை எப்படி நெய்தார்கள் தெரியுமா?

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே நாடா வைத்துப் போடுவது ஊடை. சாதாரணத் துணிக்கு, பாவில் ஒன்று விட்டு ஒன்று தூக்கினால் போதும். ஆனால் ஒரு மயில் உருவம் வரவேண்டுமானால் ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு பாவு இழைகளைத் தூக்கவேண்டும். நெசவாளரின் இரண்டு கையும் இரண்டு காலும் அதற்குப் போதாது. அதனால் ஓர் உதவியாள் தேவைப்பட்டார். அவர் கயிறுகளைச் சரியான வரிசையில் இழுத்துப் பிடிக்கவேண்டும். எடையோ அதிகம். ஒரு கயிறு தவறினால் பூ கெட்டுவிடும். லியோனில் இந்த வேலை பெரும்பாலும் யார் தலையில் விழுந்தது? உங்களைப் போன்ற சிறுவர், சிறுமியர் தலையில்தான்! காலை முதல் இரவு வரை உடல் வளைந்து இழுக்கவேண்டும். தறி வீட்டில் வளர்ந்த ஜோசப் இந்தத் துன்பத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

நம் காஞ்சியிலும் ஜக்கார்டு வருவதற்கு முன் அடை என்ற முறை இருந்தது. எந்த இழையைத் தூக்கவேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகவே தறியில் கட்டி வைத்திருப்பார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். துணைக்கு உட்கார்ந்து நாடா தள்ளுவது பல வீடுகளில் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. விடியற்காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டு, வகுப்பில் கண் சொருகிய மாணவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஜக்கார்டின் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பிள்ளைகளை நினைக்கும்.

கடனும் போரும்

ஜோசப்பின் இருபதாவது வயதில் அப்பா காலமானார். வீடு, தறிகள், ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கல் குவாரி எல்லாம் அவருக்கு வந்தன. ஆனால் வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. 1778-இல் கிளாடின் என்ற பெண்மணியை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். கடன் ஏறியது, சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

அடுத்து வந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1793-இல் லியோன் நகரம் முற்றுகையிடப்பட்டது. ஜக்கார்ட் தம் மகனோடு ஊரைவிட்டுத் தப்பினார். பெயரை மாற்றிக்கொண்டு இருவரும் படையில் சேர்ந்தார்கள். 1797-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்கருகே நடந்த போரில் அந்த ஒரே மகன் இறந்துபோனான். அவனுக்கு வயது பதினெட்டு.

அடுத்த ஆண்டு ஜக்கார்ட் தனியாக லியோனுக்குத் திரும்பினார். வயது 46. சொத்து இல்லை, மகன் இல்லை. நாமாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்போம். அவரோ கிடைத்த வேலையைச் செய்துகொண்டே மீதி நேரத்தில் தறியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார்.

பாரிசில் ஒரு பழைய தறி

1801-இல் பாரிசில் நடந்த கண்காட்சியில் அவருடைய புதிய தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன்வலை பின்னும் ஓர் இயந்திரமும் செய்தார். 1803-இல் பாரிசிலிருந்த தொழில்கலை நிறுவனத்துக்கு அவரை வரவழைத்தார்கள்.

அங்கே ஒரு பழைய தறி இருந்தது. செய்தவர் வோக்கான்சன். தானியம் தின்னும் இயந்திர வாத்தைச் செய்து ஊரையே வியக்கவைத்தவர் அவர்! அவருக்கும் முன்னால் 1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். ஃபால்கோன் என்பவர் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோத்தார். ஆனால் இவை எதுவும் பட்டறைகளில் நிலைக்கவில்லை. ஒன்றில் உதவியாள் தேவை நீங்கவில்லை. இன்னொன்று பயன்படுத்தச் சிரமம்.

ஜக்கார்ட் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். ஃபால்கோனின் அட்டையையும் வோக்கான்சனின் பொறியமைப்பையும் இணைத்தார். 1804-இல் அவருடைய தறி உருவானது. முன்னோர் மூவர் போட்ட பாதையில் நான்காமவராக நடந்து, ஊர்போய்ச் சேர்ந்தவர் அவர்.

துளை இருந்தால் தூக்கு!

அந்தப் பெட்டி வேலை செய்யும் விதம் மிக எளிது. உள்ளே வரிசையாகக் கொக்கிகள் உண்டு. காஞ்சித் தறிகளில் 120, 240 என்று கொக்கிகள் இருக்கும். ஒவ்வொரு கொக்கியும் சில பாவு இழைகளைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி உண்டு.

நெசவாளர் மிதித்ததும் ஓர் அட்டை வந்து ஊசிகளின் முனையில் அழுந்தும். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அந்தக் கொக்கி அசையாமல் நிற்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும்; அந்தக் கொக்கி விலகிவிடும். பிறகு மேலே எழும் சட்டங்கள், விலகாமல் நிற்கும் கொக்கிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான்! துளை இருந்தால் தூக்கு; இல்லாவிட்டால் விடு. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

இதில் இரண்டு பெரிய விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, தறி அதேதான்; அட்டையை மாற்றினால் மயில் போய் யானை வரும். வேலை செய்யும் இயந்திரம் வேறு, அதற்குச் சொல்லும் கட்டளை வேறு என்று இங்கே பிரிந்துவிட்டது.

இரண்டாவது, இழைகளைத் தூக்கும் பலம் அட்டையினுடையது அல்ல. அது நெசவாளரின் கால் பலம். அட்டை எதைத் தூக்கு, எதை விடு என்று தீர்மானிக்கிறது, அவ்வளவே. தீர்மானிக்கப் பெரிய பலம் வேண்டாம். ஊசி முனை அசையும் அளவு போதும்!

தறியை எரித்தார்கள்

1805-இல் நெப்போலியன் லியோனுக்கு வந்தபோது இந்தத் தறியைப் பார்த்தார். அரசு அதை எல்லோரும் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக்கியது. ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியமும், 1811 வரை ஓடும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க் உரிமைத்தொகையும் கிடைத்தன.

ஊரார் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்களா? இல்லை! உதவியாட்களின் வேலை போய்விடும், கூலி குறைந்துவிடும் என்று நெசவாளர்கள் பயந்தார்கள். தறிகளை உடைத்தார்கள், எரித்தார்கள். சொந்த ஊரிலேயே அவர் உயிருக்கு ஆபத்து வந்தது.

அவர்கள் முட்டாள்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்தப் பயம் இயல்பானது. 1812-க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்ட் தறிகள் ஓடின. பின்னர் பிரெத்தோன் என்ற தொழில்நுட்ப வல்லுநர் அதிலிருந்த குறைகளைக் களைந்ததும் அது இன்னும் பரவியது. பட்டு உற்பத்தி பெருகியது. ஆனால் நெசவாளர் கூலி தானாக உயர்ந்துவிடவில்லை. நியாயமான கூலி கேட்டு 1831-இல் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1834-இல் மீண்டும் கிளர்ச்சி வெடித்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இயந்திரம் குழந்தையின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கையில் புத்தகத்தைக் கொடுப்பதும், பெற்றோருக்குச் சரியான கூலி கொடுப்பதும் மனிதர்கள்தான் செய்யவேண்டும். நம் நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி 2009-இல் சட்டமானதும், விசைத்தறியிலிருந்து கைத்தறியைக் காக்க 1985-இல் ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட முயற்சிகளே.

தம் கடைசிக் காலத்தை லியோனுக்கு அருகிலுள்ள ஊல்லான் என்ற ஊரில் கழித்த ஜக்கார்ட், 1834 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, 82-ஆம் வயதில் மறைந்தார். 1840-இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை வைத்தது. எந்த ஊரில் அவர் தறி எரிந்ததோ, அதே ஊரில்!

அட்டையிலிருந்து சில்லுக்கு

அவர் மறைந்த அதே 1834-இல், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர், எந்தக் கணக்கையும் போடக்கூடிய ஓர் இயந்திரத்தைத் திட்டமிடத் தொடங்கினார். அதற்குக் கட்டளை கொடுப்பது எப்படி? ஜக்கார்டின் துளை அட்டைதான் அவருக்கு வழி காட்டியது. 1839-இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன! அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார்.

பாபேஜின் இயந்திரம் முழுமையடையவில்லை. ஆனால் துளை அட்டை ஓயவில்லை. 1890-இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் என்பவர் அதைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, பின்னாளில் ஐ.பி.எம். ஆயிற்று. கணினிகள் வந்தபிறகும் நெடுங்காலம் துளை அட்டையில்தான் அவற்றுக்குக் கட்டளை கொடுத்தார்கள். துளை உண்டு, துளை இல்லை என்பதைப் போலவே கணினியும் 1, 0 என்ற இரண்டே குறிகளில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அந்தக் கணினிகள் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டன. பிறகு மெல்ல மெல்லச் சுருங்கின. 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ்.1000 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணக்கிடும் பகுதி, கட்டளைகளைச் சேமிக்கும் நினைவகம், வெளியுலகோடு பேசும் முனைகள் எல்லாம் ஒரே சில்லில்! இதுதான் மைக்ரோகன்ட்ரோலர். பாடம் படிப்பது, படம் பார்ப்பது என்று கணினி பல வேலை செய்யும். மைக்ரோகன்ட்ரோலரோ ஒரு கருவிக்குள் உட்கார்ந்து அந்த ஒரு கருவியை மட்டும் கவனித்துக்கொள்ளும்.

தூங்கித் தூங்கி வேலை செய்யும் மூளை

டிஜிட்டல் தெர்மாமீட்டருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பார்த்திருக்கிறீர்களா? சில கருவிகளில் அப்படி ஒரு பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எப்படி?

அந்தச் சில்லு பெரும்பாலான நேரம் தூங்குகிறது! குறிப்பிட்ட நொடியில் கண் விழித்து, வேலையை ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் முடித்துவிட்டு, மறுபடியும் தூங்கிவிடும். அது தூங்கும்போது ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் விழித்திருக்கும். 1990-களில் வந்த எம்.எஸ்.பி.430 போன்ற சில்லுகள் இப்படி மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

ஒரு கணக்குப் போடுவோமா? இரண்டு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு பொத்தான் பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் இருக்கும். அதாவது 2,20,000 மைக்ரோ ஆம்பியர் மணி. சில்லு சராசரியாக 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொண்டால், 2,20,000 ஐ 5 ஆல் வகுக்க 44,000 மணி நேரம். 24 ஆல் வகுத்தால் 1,833 நாள். ஐந்து ஆண்டு! அதே பேட்டரியின் சக்தி முழுவதையும் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்புக்குக் கொடுத்தால் நாலரை நிமிடம்கூட எரியாது.

இப்போது புரிகிறதா? தீர்மானிக்கப் பெரிய பலம் வேண்டாம் என்று ஜக்கார்டின் ஊசி முனை அன்று காட்டியதை, இந்தச் சில்லு இன்றும் செய்துகாட்டுகிறது. சில்லு சொல்லும், மோட்டாரோ விளக்கோ வேலையைச் செய்யும். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சக்தி என்ற பெயரில் செயலிகளை வடிவமைக்கிறார்கள். சிறு கருவிகளுக்கு ஏற்ற மௌஷிக் என்ற செயலியை 2020-இல் உருவாக்கினார்கள்.

மறுபடியும் காஞ்சிக்கு

பேரன் தாத்தா வீட்டுக்கு வருவதுபோல, அந்தச் சில்லும் இப்போது தறிக்கே வந்துவிட்டது. கைத்தறிகளுக்கு மின்னணு ஜக்கார்டு வந்திருக்கிறது. அதில் அட்டை மாலை இல்லை. சேலையின் வேலைப்பாட்டைக் கணினியில் வரைந்து, சேமித்து, பெட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். நெசவாளர் மிதித்ததும் உள்ளேயிருக்கும் சில்லு அந்த ஊடைக்குரிய வரியைப் படித்து, எந்தக் கொக்கி எழவேண்டும் என்று குட்டி மின்காந்தங்களுக்குச் சொல்லும். அட்டை அடிக்கும் வேலையும், அட்டை கிழிந்தால் மாற்றும் சிரமமும் மிச்சம்.

ஆனாலும் பட்டின் இழுப்புச் சரியா, ஜரிகை நேராக விழுகிறதா, உடலும் கரையும் கோர்வையில் பிரியாமல் சேர்கிறதா என்று பார்ப்பது நெசவாளரின் கண்ணும் கையும்தான். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும் அந்தக் கைகளின் பெருமைதான்.

குழந்தைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஓர் அன்னப் பறவையை வரையுங்கள். அன்னத்துக்குள் வரும் கட்டங்களில் 1 என்றும், வெளியே உள்ள கட்டங்களில் 0 என்றும் எழுதுங்கள். பிறகு படத்தைக் காட்டாமல், ஒவ்வொரு வரிசையாக எண்களை மட்டும் உங்கள் தோழருக்குப் படித்துச் சொல்லி, அவரை இன்னொரு நோட்டில் கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். அவர் நோட்டிலும் அதே அன்னம் வந்து நிற்கும்! அப்போது நீங்கள் அட்டை, அவர் தறி.

அடுத்த முறை டக், டக் என்ற சத்தம் காதில் விழும்போது, பதின்மூன்று வயதில் முதல் எழுத்தைக் கற்ற அந்த நெசவாளர் மகனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.